அந்நிய மொழிக்கு வேகம் உதவுமா?

விரைவு வாசிப்புப் பயிற்சி இன்று மாணவரிடையே பெரிதும் பேசப்படுகிறது. 1959இல் அமெரிக்க ஆசிரியை ஈவ்லின் உட் தொடங்கிய வகுப்புகளால் புகழ்பெற்ற முறை இது. வாய்க்குள் சொல்லாதே, படித்த வரிக்குத் திரும்பாதே, விரலை ஓட்டிக் கண்ணை முன்னே செலுத்து என்பன அதன் விதிகள்.

இவை நம் ஆங்கிலப் பாடநூலுக்குப் பொருந்தா என்பதே என் கருத்து. தாய்மொழியில் பாதிச் சொல்லைக் கண்டதுமே மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். அந்நிய மொழியில் நிரப்புவதற்கு நம்மிடம் கையிருப்பு இல்லை. 'ஹீ ஹார்ட்லி ஒர்க்டு' என்பதை ஓடும் கண் 'கடினமாக உழைத்தான்' என்று கொள்ளும். 'உழைக்கவே இல்லை எனலாம்' என்பதன்றோ அதன் பொருள்! ஒரு சொல்லில் கதையே தலைகீழாகிவிடுகிறது.

வீட்டில் ஆங்கிலம் கேட்டறியாமல், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என் போன்றோருக்கு, வாய்விட்டுப் படித்தலும் அகராதி புரட்டலும் இழுக்கல்ல, அவையே கைமுதல். பொருள் விளங்கிய பாடத்தைத் தேர்வுக்கு முதல்நாள் விரைந்து புரட்டலாம். விளங்காததை விரைந்து புரட்டினால் மிஞ்சுவது அரியர்தான்.

பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்திலும், வகுப்புக்கு ஒரு பத்தியையேனும் நிறுத்தி நிதானமாக எங்களைப் படிக்கச் செய்யுமாறு பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். வேகம் பின்னர்த் தானே வரும்.