தரை பக்கம் என்றால் உயிர் பத்திரமா?

திட்டக்குடி டீக்கடையோ சிதம்பரம் ரயில் பெட்டியோ, விமான விபத்துப் பேச்சு வந்தால் ஒருவர் தவறாமல் சொல்வார்: "ரொம்ப மேல போனாத்தானே ஆபத்து? தாழப் பறந்தா விழுந்தாலும் பொழச்சுக்கலாம்." கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் 45 மீட்டரிலிருந்து விழும் பொருளே மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையில் மோதும். உயிர் போக அது போதும். 3,000 அடியிலிருந்து விழுகிறவர் கூடுதலாகச் சாவதில்லை. தாழப் பறப்பதால் அடி குறைவதில்லை, தப்பிக்கும் அவகாசம்தான் குறைகிறது.

என்ஜின் நின்றதும் விமானம் கல்லைப் போல விழும் என்ற நினைப்பும் தவறு. செஸ்னா 172 போன்ற சிறு விமானம் ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னே வழுக்கிச் செல்லும். 3,000 அடியில் இருந்தால் எட்டு கிலோமீட்டர், ஏறக்குறைய நான்கு நிமிடம். என்ஜினை மறுபடி கிளப்பிப் பார்க்கலாம், ரேடியோவில் தகவல் சொல்லலாம், வெள்ளாற்று மணலோ அறுத்த வயலோ பார்த்து இறக்கலாம். 200 அடியில் என்றால் கால் நிமிடம்தான். எதிரே மின்கம்பி வேறு. வேகம் குறைந்து இறக்கை தாங்கும் சக்தியை இழந்தாலும் இதே கதைதான்: மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்டு நிமிர்த்தச் சில நூறு அடியாவது வேண்டும்.

சஞ்சய் காந்தியின் சாவு இதற்குச் சாட்சி. 1980 ஜூன் 23 அன்று டெல்லி சப்தர்ஜங் விமான நிலையத்திலிருந்து அவர் எடுத்துச் சென்றது பிட்ஸ் எஸ்-2ஏ. வானில் குட்டிக்கரணம் அடிப்பதற்கென்றே செய்த விமானம். உடன் இருந்தவர் அனுபவமுள்ள விமானி சுபாஷ் சக்சேனா. ஊருக்கு மேலே தாழ்வாக வித்தை காட்டும்போது விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது, இருவரும் இறந்தார்கள். ஏற்ற விமானம் இருந்தது, கைதேர்ந்த துணை இருந்தது. உயரம் மட்டும் இல்லை. காரணம் இவ்வளவு எளிதாக இருந்தும் இந்த விபத்துக்குச் சதிக்கதை கட்டினார்கள். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தபோதும் கட்டினார்கள். எதிர்பாராமல் மேகத்துக்குள் புகுந்து மலையில் மோதியது, நாசவேலை இல்லை என்று விசாரணை சொன்ன பிறகும் பேச்சு ஓயவில்லை. பெரிய மனிதர் சாவுக்குச் சின்னக் காரணம் நமக்குப் பிடிப்பதில்லை.

பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம் தாழத்தானே பறக்கிறது என்று கேட்கலாம். பறக்கிறது, கம்பி, மரம், கம்பம் எல்லாவற்றையும் முன்கூட்டிப் பார்த்து வைத்துக்கொண்டு, வேறு வழியில்லாத வேலைக்காக. மற்றவர்களுக்குச் சர்வதேச விதி தெளிவு: ஊர்களுக்கு மேலே, 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள மிக உயர்ந்த தடையைவிட 1,000 அடி மேலே, மற்ற இடங்களில் தரைக்கு மேல் 500 அடி. ஏறும்போதும் இறங்கும்போதும்தானே விபத்து அதிகம், அப்போது விமானம் தாழ்வாகத்தானே இருக்கிறது என்பார்கள். ஆமாம், என் வாதமும் அதுவேதான். ஓடுபாதையை விட்டதும் விமானி முதலில் உயரத்தைத் தேடுகிறார். திரும்புவதெல்லாம் அதற்குப் பிறகு.