பல் மருத்துவரின் வலைத்தளமும் பழவேற்காட்டு மீனவரின் ஒருநாள் கூலியும்

'பல் போனால் சொல் போச்சு' என்பார்கள் பெரியவர்கள். எங்கள் பக்கத்திலோ பல் போவதற்கு முன்பே ஒருநாள் வருமானம் போய்விடுகிறது. அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். "கணினி அறிவியல் படிக்கிறவனுக்குப் பல்லைப் பற்றி என்ன தெரியும்?" என்று நண்பர்கள் கேட்கலாம். பல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் வீங்கிய கன்னத்தோடு பேருந்தேறிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்களை நிறையத் தெரியும்.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடி நமது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் சிதைவையும், அவர்களுடைய கல்லறைகளையும், குளிர்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளையும் காண வெளியூர்களிலிருந்து மக்கள் வருகிறார்கள். படம் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்பிவிடுகிறார்கள். கூனங்குப்பம், ஆண்டிக்குப்பம், அரங்கம்குப்பம், கோட்டைக்குப்பம் என்று ஏரியையும் கடலையும் நம்பி வரிசையாக இருக்கும் ஊர்கள் அவர்கள் படத்தில் விழுவதில்லை.

இந்த ஊர்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் கிடைக்கும் இடங்கள் ஏரியில் எல்லாப் பக்கமும் இல்லை. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில்தான் வலைக்கு நன்றாக விழும். ஆகவே அந்த இடங்களை ஒருவரே பிடித்துக்கொள்ளாமல், முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று இவர்கள், நாளை அவர்கள். பொருளாதார வகுப்பில் வளங்களைப் பகிர்வது பற்றிப் பேராசிரியர் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டு முறைதான் நினைவுக்கு வரும். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், நம் முறை வரும் நாளில் நாம் இருந்தாக வேண்டும். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்பதற்காக இறால் காத்திருக்காது.

ஆதலால் எங்கள் ஊர் மனிதர் பல்வலியை எப்படிச் சமாளிக்கிறார் என்பதை நான் சொல்லாமலே ஊகிக்கலாம். கிராம்பு, உப்புத் தண்ணீர், கடையில் வாங்கிய வலி மாத்திரை, சிலர் வாயில் ஒதுக்கும் புகையிலை! வலி மரத்துப் போகிறது என்று சொல்லித் தொடங்கும் புகையிலை பிறகு விடுவதில்லை. வாய்ப் புற்றுநோய்க்கு அது வழி என்று மருத்துவர்கள் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. வீக்கம் கண்ணை மூடும் அளவுக்கு வந்தபின்தான் பொன்னேரிக்குப் பேருந்து ஏறுகிறார்கள். அது ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஏரிக்கு அக்கரை ஊர்க்காரராயின் அதற்கு முன்னால் படகு வேறு. துணைக்கு ஒருவர். இருவர் வேலையும் போயிற்று. அங்கே போனால், "டாக்டர் இன்று மாலைதான் வருவார்" என்ற பதில்!

இந்த நிலையில்தான் எனக்குத் தெரிந்த இளம் பல் மருத்துவர் ஒருவர் சிறிய கிளினிக் தொடங்கினார். ஏரிப்பக்கத்து மக்களும் வர வேண்டும் என்பது அவர் ஆசை. வலைத்தளம் ஒன்று அமைக்க எண்ணி ஒரு நிறுவனத்திடம் மதிப்பீடு கேட்டிருக்கிறார். வந்த தாளை என்னிடம் நீட்டி, "தம்பி, இதெல்லாம் நீ படிக்கிற படிப்புத்தானே, பார்த்துச் சொல்லேன்" என்றார். பார்த்தேன். தோற்ற வடிவமைப்புக்கு 30,000 ரூபாய். புகைப்படம், காணொளி ஆகியவற்றுக்கு 20,000. நோயாளிகள் தாமே நேரம் குறித்துக்கொள்ளும் வசதிக்கு 15,000. தேடுபொறியில் முதலில் தெரியச் செய்வதற்கு 20,000. மொத்தம் 85,000 ரூபாய். இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 15,300 சேர்ந்து 1,00,300 ரூபாய் ஆகிறது. தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'தமிழ்ப் பக்கம் தேவைப்பட்டால் கட்டணம் தனி.'

அந்த ஒரு வரியைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சற்று நேரத்தில் கோபமும் வந்தது. யாருக்காக இந்த வலைத்தளம்? குப்பத்திலிருந்து வரும் அக்காவுக்காகவா, அல்லது அடையாற்றில் இருக்கும் இன்னொரு பல் மருத்துவர் பார்த்து மெச்சுவதற்காகவா?

என் கருத்து இதுதான். ஒரு சிறு பல் மருத்துவரின் வலைத்தளத்துக்குச் செலவுத் திட்டம் போடும்போது, தளம் எவ்வளவு அழகாக இருக்கும் என்பதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. அது எத்தனை வீண் பயணங்களைத் தடுக்கும் என்பதை வைத்தே போட வேண்டும். இன்று மருத்துவர் இருக்கிறாரா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, பல் பிடுங்க ஏறத்தாழ என்ன ஆகும், ஒரே நாளில் முடியுமா அல்லது மறுபடி வர வேண்டுமா, பேருந்தை விட்டு எங்கே இறங்க வேண்டும், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் என்ன கொண்டுவர வேண்டும்? இவ்வளவுதான் எங்கள் ஊர்க்காரருக்குத் தேவை. இவை அனைத்தும் எழுத்துகள். எழுத்துக்கு அந்த மதிப்பீட்டில் ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

"மீனவர்கள் வலைத்தளமா பார்க்கப் போகிறார்கள்?" என்று விடுதியில் ஒரு நண்பர் கேலி செய்தார். அவருக்குப் பழைய செய்தி ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைக்கத் தொடங்கியது. அவற்றுள் வீராம்பட்டினம் ஒரு மீனவ ஊர். அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் கிடைத்த அலை உயரக் கணிப்பை அங்கிருந்த இளைஞர்கள் எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடலுக்குப் போகலாமா என்பதை அதைக் கேட்டு மீனவர்கள் முடிவு செய்தார்கள். அங்கே வண்ணப்படம் இல்லை, பல்லைக் காட்டிச் சிரிக்கும் வெளிநாட்டுப் பெண்மணி இல்லை. நாளைக்குத் தேவையான ஒரு தகவல் இன்று தமிழில் கிடைத்தது. அதுவே போதுமாக இருந்தது. இன்று எங்கள் குப்பத்தில் படகில் போகிறவர்கள் சட்டைப் பையிலேயே, பாலிதீன் உறையில் சுற்றிய கைப்பேசி இருக்கிறது. காற்றையும் அலையையும் அதில் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். படிக்கத் தெரியாத தாய்மாருக்குப் படித்துச் சொல்ல, கல்லூரிக்கு வரும் எங்களைப் போன்ற பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறோம்.

இனிச் செலவுக்கு வருகிறேன். ஃபைபர் படகு வாங்கப் போகும் எங்கள் ஊர்க்காரர் படகின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வருவதில்லை. என்ஜின் என்ன விலை, வலை எவ்வளவு, ஆண்டுக்கு ஒருமுறை பழுது பார்க்க என்ன ஆகும், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று எல்லாவற்றையும் கேட்பார். வலைத்தளமும் அப்படிப்பட்டதே. வலை முகவரியை யாரும் சொந்தமாக வாங்கிவிட முடியாது. ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் இடத்துக்கும் வாடகை உண்டு. முதல் ஆண்டுக்குக் குறைந்த விலை சொல்லி, இரண்டாம் ஆண்டில் ஏற்றிவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். மேற்படி மதிப்பீட்டில் இரண்டாம் ஆண்டு என்ற சொல்லே காணப்படவில்லை! மூன்று ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்று மருத்துவரிடம் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். வலை முகவரி மருத்துவர் பெயரில் பதிவாக வேண்டும். தளம் கட்டிக்கொடுப்பவர் பெயரில் அல்ல. மனை வாங்குகிறவர் பத்திரத்தைக் கொத்தனார் பெயரிலா எழுதுவார்? ஆனால் வலைத்தள விஷயத்தில் படித்தவர்களே இப்படி ஏமாறுகிறார்கள். பின்னாளில் மனத்தாங்கல் வந்தால் முகவரி போய்விடும். அத்தனை நாள் மக்கள் மனத்தில் பதிந்த பெயரும் சேர்ந்து போய்விடும்.

நேரம் குறிக்கும் வசதிக்கு 15,000 ரூபாய் என்பது எனக்கு விளங்கவேயில்லை. நாளுக்குப் பத்துப் பேர் வரும் இடத்தில் ஒரு தொலைபேசி எண்ணும், அதை எடுத்துப் பேச ஒரு பெண்ணும் போதுமே. தவிரவும் எங்கள் ஊர்க்காரரின் நேரத்தை எந்த மென்பொருளும் அறியாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும். நாடே வானத்தைப் பார்க்கும் அன்று எங்கள் ஆட்கள் கரையில் சும்மா இருப்பார்கள். பல் பிடுங்கிக்கொள்ள அதைவிட நல்ல நாள் ஏது? அன்று கூடுதல் நேரம் கிளினிக்கைத் திறந்து வைத்து, முதல் நாளே அதைத் தளத்தில் போடுங்கள் என்றேன். மருத்துவர் சிரித்தார், ஆனால் குறித்துக்கொண்டார்.

தேடுபொறியில் முதலிடம் பிடித்துத் தருவதாகச் சொல்லும் 20,000 ரூபாய் விஷயம் சிரிக்கத்தக்கதல்ல. பல் மருத்துவர்களுக்கென 2014-இல் வெளியான திருத்திய ஒழுக்க விதிகள், விளம்பரம் செய்து நோயாளிகளைத் தம்பக்கம் இழுப்பது முறையற்றது என்கின்றன. முகவரியையும் நேரத்தையும் தெரிவிப்பது வேறு. 'எங்களைவிடச் சிறந்தவர் இல்லை' என்று கூவுவது வேறு. கூகுள் வரைபடத்தில் கிளினிக்கின் இடத்தையும் நேரத்தையும் பதிவு செய்ய ஒரு காசும் செலவில்லை. சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று நோயாளிகளின் வாயைப் படம் பிடித்துப் போடுவதையும் நான் வேண்டாமென்றே சொல்வேன். சிறிய ஊரில் முன்பல் இரண்டைக் காட்டினாலே இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் கணக்கில் மூன்று ஆண்டுகளுக்கு வலை முகவரியும் வாடகையும் 9,000. நான்கே பக்கமுள்ள எளிய தளம் அமைக்க 8,000. தமிழில் எழுதவும், மருத்துவர் குரலிலேயே ஒலிப்பதிவு செய்யவும் 5,000. அவ்வப்போது வரும் பழுதுக்கு 3,000. ஆக 25,000 ரூபாய். நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. ஏரிக்கரையில் சிக்னல் மெலிவாக இருக்கும் இடங்களில், கனத்த படங்களும் காணொளியும் உள்ள தளம் சுற்றிக்கொண்டே நிற்கும். மீதிப் பணம் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கும், மின்சாரம் போனால் ஓடும் இன்வெர்ட்டருக்கும் போகட்டும். வலைத்தளம் பார்த்து வருகிறவர் கடைசியில் உட்காரப் போவது அந்த நாற்காலியில்தானே?

ஒலிப்பதிவு எதற்கு என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். மேல்வாய்ப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று எங்கள் ஊரில் இன்றும் நம்புகிறார்கள். பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆட்டம் காணும் என்ற பயமும் உண்டு. உண்மையில் பல்லை ஆட வைப்பது அதன்மேல் படிந்த காறைதான்; அதை எடுத்தபின் பல் ஆடுவதுபோல் தெரிகிறது, அவ்வளவே. இதை நூறு முறை எழுதி வைத்தாலும் ஆயாக்கள் நம்ப மாட்டார்கள். மருத்துவரே பொறுமையாக மூன்று நிமிடம் பேசினால், பேரன் கைப்பேசியைக் காதருகே வைத்தால், கேட்பார்கள். ஏரியின் வடபக்கத்து ஊர்களுக்காக அதைத் தெலுங்கிலும் பேசலாம். மூன்று நிமிடப் பேச்சுக்கு என்ன பெரிய செலவு?

உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஏறத்தாழ 350 கோடி மக்களுக்கு வாய், பல் சம்பந்தமான நோய்கள் உள்ளன. ஆகவே எங்கள் ஏரிக்கரையின் தொல்லை எங்களுக்கு மட்டுமே உரியது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒருநாள் பாட்டை இழந்து பேருந்தேறுகிறவருக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதை இங்கேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மருத்துவர் என் கணக்கில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொண்டார். தமிழ்தான் முதற்பக்கம் என்பதற்கும் சம்மதித்துவிட்டார். கட்டண விவரத்தை வெளியிடும் இடத்தில்தான் தயங்குகிறார். "மற்ற டாக்டர்கள் சண்டைக்கு வருவார்கள் தம்பி. பல்லைப் பார்க்காமல் விலை சொல்ல முடியாது" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பல் பிடுங்குவதற்கும் சொத்தை அடைப்பதற்குமாவது இத்தனை ரூபாய் முதல் இத்தனை ரூபாய் வரை என்று போடலாம் என்பது என் வாதம். கையில் எவ்வளவு எடுத்துக்கொண்டு புறப்படுவது என்று தெரியாமல்தான் எங்கள் ஊரில் பாதிப்பேர் புறப்படாமலே இருக்கிறார்கள். அடுத்த வாரம் முடிவு சொல்வதாகக் கூறியிருக்கிறார். அதுவரை அந்த நான்காம் பக்கத்தை வெற்றிடமாகவே விட்டு வைத்திருக்கிறேன்.