இடைவழியில் ஓர் ஆசான்

கிற்றாரில் பத்துப் பாடல்கள் கைவந்ததும், இனி ஆசிரியர் எதற்கு என நாம் இறுமாந்திருந்தோம். பின்னர் ஒருவரிடம் சென்றபோது, "இதையே பாதி வேகத்தில் வாசியுங்கள்" என்றார். வாசித்தோம். தாளம் தடுமாறியது, விரல்கள் தந்தியைத் தேடித் திகைத்தன. வேகம் மறைத்திருந்த பிழைகளெல்லாம் வெளிப்பட்டன.

மௌரோ ஜூலியானியின் பயிற்சிகளை முதலிலிருந்து தொடங்கும்படி அவர் பணித்தார். அந்த இத்தாலியர் 1812இல் வியன்னாவில் வெளியிட்டவை அவை. வலக்கைக்கு 120 பயிற்சிகள். இடக்கைக்கோ இரண்டே சுரக்கூட்டுகள். இடக்கையின் வேலை குறைந்தாலன்றோ வலக்கையின் குற்றம் செவிக்குப் புலப்படும்!

வகுப்பறையில் பிறர் பிழை திருத்தியே பழகிய நமக்கு அன்று முகஞ் சுருங்கியது உண்மையே. ஆயினும் மறுவாரமும் சென்றோம். மாணவர்களே, சிறிது கற்றபின்னரே ஆசானின் தேவை பெரிதாகின்றது. திருத்தப்பட நாணுபவன் பத்துப் பாடல்களோடு நின்றுவிடுவான்.