சிட்டையும் பேரேடும்

வல்லக்கோட்டை முருகனுக்கு இரவில் நடை சாத்திவிடுகிறார்கள். பக்கத்திலே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இரவு பகலாக ஓடும் ஆலைகளுக்கு அந்த ஓய்வு கிடையாது. எந்த வண்டிக்கு எந்தச் சாமான், கிடங்கில் என்ன மிச்சம் என்பதெல்லாம் கம்ப்யூட்டர் பேரேட்டில் நிமிஷந்தோறும் ஏறிக்கொண்டிருக்கிறது. அது அழிந்தால் ஒரு திருகாணி இருக்கும் இடத்தைக்கூடச் சொல்ல ஆளில்லை. ஆகவே அடிக்கடி பிரதி எடுத்து வைக்கிறார்கள்.

சங்கடம் அங்கேதான் ஆரம்பம். கணக்குப் பிள்ளை எழுதிக்கொண்டிருக்கையில் இன்னொருவர் அதே புஸ்தகத்தை முதல் ஏட்டிலிருந்து புரட்டி நகல் செய்தால் இருவர் வேலையும் மந்தமாகும் அல்லவா? கம்ப்யூட்டரிலும் அப்படியே. பிரதிகளைக் குறைத்துவிடலாமே என்று நினைக்கும் நிர்வாகிகள் உண்டு. ஆறு மணிக்கு ஒரு பிரதி என்று வைத்து, ஐந்தாம் மணியில் விபத்து நேர்ந்தால், ஐந்து மணி நேர உழைப்புக்குக் கணக்கே இராது. இந்த யோசனை நமக்குச் சம்மதமில்லை.

நல்ல வழி நம் மண்டிக்கடைக்காரர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்ததுதான். வரவு செலவு முதலில் சிட்டையில் விழும். பிறகே பேரேட்டில் ஏறும். போஸ்ட்கிரஸ் போன்ற மென்பொருள்களும் இவ்விதமே எழுதுகின்றன. முழுப் பேரேட்டையும் வாரம் ஒருமுறை, வேலை மட்டான வேளையில், வேகத்துக்கு வரம்பு கட்டி நிதானமாக நகல் செய்துகொள்ளலாம். மற்றபடி சிட்டையின் புதுத் தாள்களை மட்டும் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை வேறிடத்துக்கு அனுப்பிவந்தால் போதும். பேரேடு அழிந்தாலும் பழைய நகலின்மேல் சிட்டையை வரிசையாக ஏற்றினால், கடைசியாக அனுப்பிய தாள் வரையில் கணக்குத் திரும்பிவிடும்.

வேறொரு யந்திரத்தில் இரட்டைப் பேரேடு வைத்து, அதிலிருந்து நகல் எடுப்பதும் உண்டு. எழுதுகிறவருக்குத் தொந்தரவே இல்லை. ஆனால் இரட்டையையே பிரதியென்று நம்பிவிடலாகாது. இங்கே தவறுதலாக அழித்த வரி அங்கேயும் அக்கணமே அழிந்துபோம்!

இன்னொரு அபாயமும் உண்டு. 2023 ஆகஸ்டு 29-ல் ஜப்பானில் டொயோட்டாவின் 14 மோட்டார் ஆலைகளும் நின்றுபோயின. இரண்டு நாள் முன்பு நடந்த பராமரிப்பின்போது, பழைய கணக்கை ஒழுங்குபடுத்துகையில் வட்டில் இடம் போதவில்லை. மாற்று யந்திரமும் அதே ஏற்பாட்டில் ஓடியதால் அதுவும் கூடவே படுத்துவிட்டது. அதிக இடமுள்ள யந்திரத்துக்குக் கணக்கை மாற்றிய பிறகே, மறுநாள் ஆலைகள் ஓடின. சிட்டை முறையிலும் இதற்கு இடமுண்டு. தாள்கள் வெளியே போகாமல் தேங்கினால் வட்டு நிரம்பி எழுதுவதே நின்றுவிடும். அவை போய்ச் சேருகின்றனவா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவர் பார்த்தாக வேண்டும்.