முடிவு தெரிந்த கதைக்கு முன்கதை எதற்கு?

கதைப் புத்தகங்களில் ஒரு தனி வகை இருக்கிறது. முதலில் ஒரு கதை வெளிவரும். வாசகர்கள் அதை விரும்பி வாசிப்பார்கள். பிறகு அதே எழுத்தாளர், அந்தக் கதை தொடங்குவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று இன்னொரு புத்தகம் எழுதுவார். அதை முன்கதை என்று சொல்லலாம். மாயமும் சாகசமும் சிரிப்பும் கலந்த முன்கதையாக அது இருந்துவிட்டால், வாசித்தவர்கள் கட்சி கட்டிக்கொள்கிறார்கள். “முடிவுதான் ஏற்கெனவே தெரியுமே, பிறகு என்ன சுவை?” என்பது ஒரு கட்சி. “முதற் புத்தகத்தில் இருந்த கனம் இதில் இல்லை, வெறும் விளையாட்டு” என்பது இன்னொரு கட்சி. வாசிக்காமலே கருத்துச் சொல்லும் மூன்றாவது கட்சியும் உண்டு. அது பெரும்பாலும் வீட்டில் இருக்கிறது. “மந்திரம், மாயம் என்று இருக்கிற புத்தகம் எதற்கு? சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது தேவையா?” என்று அது கேட்கிறது.

மூன்று கட்சிக்கும் பதில் சொல்ல ஒரே புத்தகம் போதும். அது சி. எஸ். லூயிஸ் 1955இல் வெளியிட்ட ‘தி மெஜீஷியன்ஸ் நெஃபியூ’. தமிழில் ‘மந்திரவாதியின் மருமகன்’ எனலாம். கதையில் வரும் மந்திரவாதி அந்தச் சிறுவனின் தாய்மாமன் என்பதால் மருமகன் என்ற சொல் சரியாகப் பொருந்துகிறது. நார்னியா என்ற கற்பனை உலகத்தைப் பற்றி லூயிஸ் ஏழு புத்தகங்கள் எழுதினார். முதலாவது 1950இல் வந்தது. ஓர் அலுமாரிக்குள் நுழைந்த பிள்ளைகள் பனி மூடிய காட்டுக்குள் போய்விடும் கதை அது. ஆறாவதாக வெளிவந்த புத்தகம்தான், அந்த உலகம் எப்படி உண்டானது, அலுமாரி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது.

இந்தப் புத்தகத்தை எப்போது வாசிக்க வேண்டும் என்பதிலேயே வாசகர்கள் பல காலமாகச் சண்டை பிடிக்கிறார்கள். கதை நடந்த ஒழுங்கில் இதை முதலில் வாசிப்பதா, வெளிவந்த ஒழுங்கில் ஆறாவதாக வாசிப்பதா? 1957இல் அமெரிக்காவில் ஒரு தாய்க்கும் மகனுக்கும் இதே வாக்குவாதம் வந்தது. மகன் லூயிஸுக்கே கடிதம் எழுதிக் கேட்டுவிட்டான். மகன் சொன்ன ஒழுங்கே தமக்கும் கூடுதலாகப் பிடித்திருக்கிறது என்று அவர் பதில் எழுதினார். எந்த ஒழுங்கில் வாசித்தாலும் அது பெரிய விடயமல்ல என்றும் சேர்த்துக்கொண்டார். 1994இல் பதிப்பகத்தார் மகனின் ஒழுங்குப்படியே புத்தகங்களுக்கு இலக்கமிட்டார்கள். இருந்தும் சண்டை முடியவில்லை.

நான் அந்தத் தாயின் பக்கம். முதற் புத்தகத்தில், ஆளில்லாத பனிக்காட்டின் நடுவே ஒரு தெருவிளக்குக் கம்பம் தனியே எரிந்துகொண்டிருக்கும். யார் நட்டார்கள், ஏன் நட்டார்கள் என்று ஒன்றும் தெரியாது. முன்கதையில் அதற்கு விடை வருகிறது. கோபம் கொண்ட சூனியக்காரி லண்டன் தெருவிளக்கிலிருந்து ஓர் இரும்புத் துண்டை முறித்தெடுக்கிறாள். புதிதாகப் பிறந்த நார்னியா மண்ணில் அது விழுகிறது. விழுந்த எதுவும் முளைக்கிற மண் அது. இரும்பு முளைத்து விளக்குக் கம்பமாக வளர்ந்துவிடுகிறது! முன்கதையை முதலில் வாசிப்பவர், விடையைக் கேட்டுவிட்டு விடுகதையைக் கேட்பவர் போல ஆகிவிடுகிறார்.

இனி, முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்ற கட்சிக்கு வருவோம். டிகோரி என்ற சிறுவனும் பொலி என்ற சிறுமியும் மாமனின் மாய மோதிரங்களால் அழிந்துபோன ஒரு நகரத்துக்குப் போய்ச் சேருகிறார்கள். அங்கே ஒரு மணியும் அதை அடிக்க ஒரு சிறு சுத்தியலும் இருக்கின்றன. அடிக்காதே என்று பொலி தடுக்கிறாள். டிகோரி அடித்துவிடுகிறான். உறங்கிக்கிடந்த சூனியக்காரி விழித்தெழுகிறாள். புதிதாக வாசிப்பவருக்கு இது ஒரு திருப்பம், அவ்வளவுதான். முதற் புத்தகத்தை வாசித்தவருக்கோ, இவள்தான் பின்னொரு காலத்தில் நார்னியாவை நூறு வருடக் குளிர்காலத்தில் உறைய வைக்கப்போகிறவள் என்று தெரியும். சுத்தியலைத் தூக்கும் அந்தக் கையைப் பிடித்து நிறுத்த மாட்டோமா என்று மனம் பதறுகிறது. அந்தப் பதற்றம் முடிவு தெரிந்தவருக்கு மட்டுமே கிடைக்கும்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. கல்கி ‘பார்த்திபன் கனவு’ தொடரை 1941 முதல் 1943 வரை எழுதினார். அதற்குப் பிறகு எழுதிய ‘சிவகாமியின் சபதம்’, காலத்தால் அதற்கு முந்திய கதை. முதற் கதையில் நாடாளும் மன்னனாக வந்த நரசிம்மவர்மன், பின்னதில் இளைஞனாக வருகிறான். அவன் அரசனாவான் என்பது தெரிந்தே வாசகர்கள் வாரம் தவறாமல் காத்திருந்தார்கள். இளமையில் அவன் எதை விரும்பினான், எதை இழந்தான் என்று அறியவே காத்திருந்தார்கள்.

இரண்டாவது கட்சி, இது வெறும் விளையாட்டு என்கிறது. விளையாட்டு நிறையவே இருக்கிறது, மறுக்கவில்லை. பயந்து மயங்கி விழுந்த மாமனைப் பேசும் மிருகங்கள் மரம் என்று நினைத்து நட்டுவைக்கின்றன. யானை தும்பிக்கையால் தண்ணீர் ஊற்றுகிறது. பசியோடிருந்த பிள்ளைகள் கையிலிருந்த ஒன்பது டொபியில் எட்டைத் தின்றுவிட்டு ஒன்றைப் புதைக்கிறார்கள். விடியும்போது அங்கே டொபி காய்க்கும் மரம் நிற்கிறது. இதையெல்லாம் சிரிக்காமல் வாசிக்க முடியாது. ஆனால் இந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு படுக்கை இருக்கிறது. டிகோரியின் தாய் சாகக்கிடக்கிறார். அந்த நினைவு அவனை விட்டு ஒரு பக்கம்கூட விலகுவதில்லை. லூயிஸுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1908இல், அவருடைய தாய் இறந்துபோனார். துக்கத்தை அறிந்த ஒருவர் எழுதிய சிரிப்பு இது. அதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது.

பெற்றோரின் கவலை நியாயமானது. அதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த உலகத்தைப் படைப்பதாகக் கதையில் ஒரு சிங்கம் வருகிறது. அது எழுத்தாளருடைய நம்பிக்கையிலிருந்து வந்த கற்பனை. நம்முடைய ஈமானை உறுதியாக அறிந்த பிள்ளை அதைக் கதையாக அறிந்தே வாசிப்பாள். அறியாத இடத்தில் கேட்பதற்கு வீட்டில் ஒருவர் வேண்டும். மந்திரத்தைப் பற்றிச் சொல்வதானால், இந்தப் புத்தகம் மந்திரவாதியைப் புகழவில்லை. தான் போகப் பயந்து, பிள்ளைகளை ஏமாற்றி அனுப்பிப் பரிசோதனை செய்யும் கோழையாகவே மாமன் வருகிறான். உண்மையான சோதனை டிகோரிக்கு வருகிறது. தூர இடத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அப்பிளைப் பறித்து வரும் பொறுப்பு அவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. களவாக ஒன்றை எடுத்துக்கொண்டால் உன் தாய் பிழைப்பாள் என்று சூனியக்காரி ஆசை காட்டுகிறாள். அவன் அழுதுகொண்டே அமானிதத்தைக் காக்கிறான். தாயைச் சுகப்படுத்தும் கனி பிறகு அவனுக்குக் கொடுக்கப்படுகிறது. இந்த ஓர் அத்தியாயத்தை உம்மாவும் மகளும் சேர்ந்து வாசித்துப் பேசினால், அதற்கு மேல் வேறு புத்திமதி தேவைப்படாது.

கற்பனைக் கதை நமது வீடுகளுக்கு வெளியிலிருந்து வந்த பொருளும் அல்ல. தமிழுக்கு முஸ்லிம்கள் கொடுத்த இலக்கிய வகைகளில் கிஸ்ஸா ஒன்று. கிஸ்ஸா என்ற அறபுச் சொல்லுக்கே கதை என்பதுதான் பொருள். தமிழின் முதல் நாவல் 1879இல் வெளிவந்தது. ஆறு வருடத்தில், 1885இல், இலங்கையின் முதல் தமிழ் நாவலான ‘அசன்பே சரித்திரம்’ வந்தது. எகிப்தில் பிறந்து, குழந்தையாகக் களவாடப்பட்டு, இந்தியாவில் வளரும் ஒருவனின் சாகசக் கதை அது. எழுதியவர் அறிஞர் சித்திலெவ்வை. ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை நடத்தியவரும், முஸ்லிம் பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று வாதாடிக் கண்டியில் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் அமைத்தவரும் அவரே. நம் பெண்கள் எழுத்தறிய வழி திறந்தவர் தம் கையால் ஒரு சாகசக் கதையும் எழுதினார் என்பதைப் பெற்றோர் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டு சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. முடிவு மட்டும் தெரிந்த கதைகள் அதிகமாக உள்ள மண் இது. பக்கத்தில் கற்சிலைமடு இருக்கிறது. 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி பண்டாரவன்னியன் அங்கே கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றான் என்று சொல்லும் நினைவுக்கல் அந்த இடத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. தோற்ற திகதி கல்லிலே இருக்கிறது. அவன் சிறுவனாக எந்தக் குளத்தில் நீந்தினான், எந்த மரத்தில் ஏறி விழுந்தான், யாரோடு சண்டை பிடித்தான் என்பது எந்தக் கல்லிலும் இல்லை. அவனைப் பற்றி நாடகமும் நாவலும் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் வீரம் உண்டு. சின்னப் பையனான பண்டாரவன்னியன் சிரிக்க வைக்கும் ஒரு முன்கதையை நம்மில் ஒருத்தி எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வீடுகளிலும் இதுதான் நிலைமை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது நமது பிள்ளைகளுக்குத் தெரியும். புத்தளத்து முகாம் கதைகளும் தெரியும். அயலில் உள்ள தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டால், அவர்களுக்கு 2009 தெரியும். அந்தக் கதைகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மறைக்கக் கூடாது. ஆனால் அவற்றுக்கு முந்திய கதையை யார் சொல்கிறார்கள்? தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் உம்மும்மா சிறுமியாக இருந்த காலத்தில் பெருநாளைக்கு என்ன உடுத்தார்? காட்டில் பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிப்போய் வீட்டுக்கு வந்தபோது யாரிடம் ஏச்சு வாங்கினார்? வாப்பா எந்தப் பாடத்தில் புள்ளி குறைந்ததை ஒளித்தார்? கேட்டால் பெரியவர்கள் முதலில், “அதெல்லாம் என்ன பெரிய கதையா?” என்பார்கள். இலேசான கதையைச் சொல்லத் தகுதியற்றது என்று அவர்களும் நினைத்துவிட்டார்கள்.

நார்னியாவின் முதற் புத்தகத்தில் ஒரு வயதான பேராசிரியர் வருகிறார். அவருடைய வீட்டில்தான் அந்த அலுமாரி இருக்கிறது. அதிகம் பேசாத, தலை நரைத்த மனிதர். மணியை அடித்த சிறுவன் டிகோரிதான் அவர் என்பது முன்கதையை வாசித்தால் தெரிய வரும். அதன் பிறகு முதற் புத்தகத்தைத் திரும்ப எடுத்தால் அந்த முதியவர் வேறொருவராகத் தெரிகிறார். அவருடைய மௌனத்துக்குள் ஒரு சிறுவன் ஓடித் திரிகிறான். முன்கதை செய்யும் பெரிய வேலை இதுதான். துன்பப்பட்டவர் என்று மட்டும் நாம் அறிந்த ஒருவரை, துன்பத்துக்கு முந்திய முழு மனிதராகக் காட்டிவிடுகிறது.

ஆகவே மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். இந்த வகைப் புத்தகத்தை வெட்கப்படாமல் வாசியுங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் ஒரு தவணையில் ஒரு புத்தகம் போதும். வாசித்து முடித்ததும் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் அவருடைய பத்து வயதைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள். பெற்றோரே, பிள்ளை அப்படி வந்து கேட்கும்போது பரீட்சையை நினைவூட்டி அனுப்பிவிடாதீர்கள். இஷாவுக்குப் பிறகு அரைமணி நேரம் ஒதுக்கி, சிரிப்பு வந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். அடுத்த இதழுக்கு அப்படிப் பத்துப் பக்கம் வந்து சேர்ந்தால், இந்த ஊரின் முன்கதையில் முதல் அத்தியாயம் கிடைத்துவிடும்.