விசுவாசம் என்னும் சொல்லும் விமான நிறுவனங்களின் அளவுகோலும்

2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவிப்பை விடுத்தது. அதன் ‘ஸ்கைமைல்ஸ்’ திட்டத்தில் சில்வர், கோல்ட், பிளாட்டினம், டைமண்ட் என நான்கு படிகள் உண்டு. ஓராண்டில் போதிய அளவு பயணம் செய்தவர் ஒரு படியை அடைவார். அடைந்தவருக்கு வரிசையில் முன்னுரிமை, கட்டணமில்லாப் பெட்டி, இடமிருந்தால் உயர்வகுப்பு இருக்கை முதலிய சலுகைகள் கிடைக்கும். இனி இப்படிகளை அடைவதற்குப் பறந்த தூரம் கணக்கில் வராது, செலவழித்த பணம் மட்டுமே வரும் என்பதும், டைமண்ட் படிக்கு ஓராண்டில் 35,000 ‘தகுதி டாலர்’ வேண்டும் என்பதுமே அவ்வறிவிப்பின் சாரம். அடுத்த ஆண்டு முதல் நடைமுறை.

இலக்கியம் பேசுமிடத்தில் இதற்கென்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நாம் தமிழ் கற்பித்துப் பிழைப்பவர்கள். எந்த நிறுவனத்தின் பொன் அட்டையும் நம்மிடம் இல்லை. ஆனால் இத்திட்டங்கள் அனைத்தும் தம்மை அழைத்துக்கொள்ளும் பொதுப்பெயர் ‘விசுவாசத் திட்டங்கள்’ என்பதாகும். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு நம் தொழில் எல்லைக்குள் அடங்குவது. விசுவாசம் என்று எழுதி வைத்துவிட்டு அதற்கு நேர்மாறான ஒன்றை ஒருவர் நடத்துவாரானால், அதைச் சுட்டிக்காட்டும் உரிமை நமக்கும் உண்டு.

முதலில் வரலாறு. அமெரிக்காவில் விமானக் கட்டணங்களையும் வழித்தடங்களையும் அரசே தீர்மானித்து வந்த முறை 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. நிறுவனங்கள் விலையில் போட்டியிடத் தொடங்கின. மலிவான சீட்டைத் தேடி வாடிக்கையாளர் ஓடிவிடாமல் தடுக்க ஒரு கயிறு தேவைப்பட்டது. 1981 மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ‘அட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட் பின்தொடர்ந்தது. “எங்களோடே பறந்துகொண்டிருங்கள், பறந்த தூரத்தை நாங்கள் நினைவில் வைத்திருப்போம்” என்பதே அன்றைய உடன்படிக்கை. எளிய உடன்படிக்கைதான். பயணி வேறு இடத்தில் கிடைக்கும் மலிவை விட்டுக்கொடுத்தார். நிறுவனம் பிற்காலத்தில் தரப்போகும் ஒன்றை வாக்களித்தது. ஒருவர் கொடுப்பது இன்று. மற்றவர் கொடுப்பது நாளை. இத்தகைய பரிமாற்றத்தில் நாளை கொடுக்க வேண்டியவரின் சொல்லே முழு ஆதாரம் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

டெல்டாவில் 2014ஆம் ஆண்டு முதல் தூரத்தோடு பணமும் ஒரு நிபந்தனையாயிற்று. அந்த ஆண்டு டைமண்ட் படிக்கு 1,25,000 மைல் பறப்பதோடு 12,500 டாலர் செலவும் வேண்டியிருந்தது. 2022இல் அத்தொகை 15,000. 2023இல் 20,000. 2024க்கு என அறிவிக்கப்பட்டது 35,000. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தனர். அதே செப்டம்பர் இறுதியில் அட்லாண்டா நகரத்து ரோட்டரி கூட்டமொன்றில் நிறுவனத் தலைவர் எட் பாஸ்டியன், தாங்கள் அளவு மீறிச் சென்றுவிட்டதாகத் தோன்றுகிறது என்னும் பொருள்படப் பேசினார். அக்டோபரில் திருத்தம் வந்தது: 35,000 என்பது 28,000 ஆயிற்று, கீழ்ப்படிகளும் ஓரளவு இறக்கப்பட்டன. வாடிக்கையாளர் வென்றார் என்று பலர் எழுதினர்.

வென்றாரா? ஜவுளிக்கடையில் விலைச்சீட்டை உயர்த்தி ஒட்டிவிட்டுப் பின் தள்ளுபடி தருவதை நாம் அறியாதவர்களா? இரண்டே ஆண்டுகளுக்கு முன் 15,000 ஆக இருந்த தொகை 28,000இல் வந்து நின்றதைக் கண்டு பெருமூச்சு விட வைத்ததுதான் அந்தப் பேரத்தின் திறமை. தூர நிபந்தனை நீங்கியதே என்பர். உண்மை. அது நீங்கியதால் பயனடைந்தவர், குறைவாகப் பறந்து நிறையச் செலவழிப்பவர். மலிவான சீட்டில் அடிக்கடி பறந்தவருக்கு மிஞ்சியது உயர்ந்த தொகை மட்டுமே.

தொகை உயர்ந்ததைக்கூட நாம் பெரிதாக எண்ணவில்லை. நம் முதன்மையான குற்றச்சாட்டு வேறு. ஒரு படிக்குத் தேவையானதற்கு மேல் பறந்த தூரத்தை அடுத்த ஆண்டுக் கணக்கில் எடுத்துச் செல்ல டெல்டா அனுமதித்து வந்தது. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் இக்கையிருப்பு பலருக்குப் பெருகியது. இது பரிசு அன்று. ஏற்கெனவே சீட்டு வாங்கி, ஏற்கெனவே பறந்து முடித்த தூரம். 2023 அறிவிப்பு, இக்கையிருப்பைத் தகுதி டாலராக மாற்ற விரும்புவோருக்கு 20 மைலுக்கு 1 டாலர் என்று விலை வைத்தது. 75,000 மைல் என்பது பழைய முறையில் பிளாட்டினம் படிக்குரிய தூரம். அதற்குத் தனியே ஒரு டாலர் நிபந்தனையும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. அந்த 75,000 மைலைக் கையில் வைத்திருந்தவருக்குப் புதிய கணக்கில் கிடைத்திருக்கக்கூடியது 3,750 தகுதி டாலர். அன்று அறிவிக்கப்பட்டபடி அடிப்படியாகிய சில்வருக்கே 6,000 வேண்டும்! எதிர்ப்புக்குப் பின் 10 மைலுக்கு 1 டாலர் எனத் திருத்தினர். அப்போதும் 7,500தான், சில்வர் கிட்டும், கோல்ட் கிட்டாது. மரக்காலால் அளந்து வாங்கிக்கொண்ட நெல்லை, திருப்பித் தரும்போது ஆழாக்கால் அளப்பதற்கு நம் ஊரில் என்ன பெயரோ, அதுவே இதற்கும் பெயர்.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

ஒன்று: உயர்படியினர் பெருகிவிட்டனர், ஓய்வறை வாசல்களில் வரிசை நிற்கிறது, எல்லோரும் சிறப்புற்றவர் எனில் எவரும் சிறப்புற்றவர் அல்லர் என்கிறது நிறுவனங்களின் தரப்பு. வரிசை நின்றது மெய்தான். ஆனால் அக்கூட்டத்தைச் சேர்த்தது யார்? 2014 முதல் 2023 வரை, டெல்டாவின் பெயர் பொறித்த கடனட்டையில் ஆண்டுக்கு 25,000 டாலர் செலவழித்தால் கீழ்ப்படிகளுக்குரிய டாலர் நிபந்தனையிலிருந்து விலக்கு என்றிருந்தது. உயரிய அட்டை வைத்திருந்தவருக்கு ஓய்வறை நுழைவும் உடன் கிடைத்தது. அதாவது, கதவைத் திறந்து நுழைவுச்சீட்டு விற்றவரே நெரிசலைக் காட்டிப் பழைய விருந்தினரை வெளியேற்றினார். 2024 முதல் அந்த விலக்கு இல்லை. மாறாக, அட்டையில் 10 அல்லது 20 டாலர் செலவழித்தால் 1 தகுதி டாலர். விமானத்தில் காலே வைக்காமல், மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் அட்டையை நீட்டியே ஒருவர் படியேறலாம். அட்டை வழங்கும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்திடமிருந்து 2024ஆம் ஆண்டில் டெல்டா பெற்ற தொகை சுமார் 740 கோடி டாலர். விசுவாசம் யாருக்கு, எதற்கு என்பதை இவ்வொரு கணக்கே சொல்லிவிடும்.

இரண்டு: தனியார் நிறுவனம் தன் சலுகையை விருப்பம்போல் மாற்றலாம், பிடிக்காதவர் வேறு நிறுவனத்துக்குப் போகலாம். இது வெறும் திண்ணைப் பேச்சு அன்று. அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் வாதமும் ஏறக்குறைய இதுவே. 1988இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், உறுப்பினர்கள் அதற்குள் சேர்த்து வைத்திருந்த மைல்களையும் பாதிக்கும் வகையில் விதிகளை மாற்றியது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஒப்பந்த மீறல் என்று வழக்காடலாம், ஆனால் மாநில நுகர்வோர் மோசடிச் சட்டத்தின்கீழ் வழக்காட முடியாது என்று 1995இல் தீர்ப்பாயிற்று. சரி, ஒப்பந்தமாவது காக்குமா? அவ்வொப்பந்தத்தை எழுதுவது நிறுவனம். அதை மாற்றும் உரிமையையும் நிறுவனமே தனக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்து 2014இல் நார்த்வெஸ்ட் எதிர் கின்ஸ்பர்க் வழக்கு. உயர்படியிலிருந்த யூத மதகுரு ஒருவரை, அளவுக்கதிகமாகப் புகார் செய்கிறார் என்று கூறி 2008இல் நார்த்வெஸ்ட் நிறுவனம் திட்டத்திலிருந்தே நீக்கியது. தன் சொந்தத் தீர்மானத்தின்படி எவரையும் நீக்கலாம் என்பது நிறுவனம் எழுதிய விதி. ஒப்பந்தத்தை நல்லெண்ணத்தோடு நிறைவேற்றும் கடமை உண்டல்லவா என்று அவர் கேட்டார். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் மின்னசோட்டா மாநிலச் சட்டத்தின் அக்கோரிக்கை செல்லாது என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதிருப்தியுற்றோர் போட்டி நிறுவனத்தின் திட்டத்தில் சேரலாமே என்பதும் அத்தீர்ப்பில் கூறப்பட்டது.

போட்டி நிறுவனம் எங்கே? நார்த்வெஸ்ட் 2008இலேயே டெல்டாவோடு இணைந்துவிட்டது. 2010இல் கான்டினென்டல் யுனைடெட்டில் கலந்தது. 2013இல் யுஎஸ் ஏர்வேஸ் அமெரிக்கனில் கலந்தது. எஞ்சியவையும் ஒரே திசையில்தான் நடந்தன. யுனைடெட் 2020இலும் அமெரிக்கன் 2022இலும் பழைய தூரக் கணக்கைக் கைவிட்டன. கடலுக்கு அப்பால் பிரிட்டிஷ் ஏர்வேஸ், 2024 டிசம்பர் 30ஆம் நாள், அடுத்த ஏப்ரல் முதல் செலவே அளவுகோல் என்று அறிவித்தது. கோல்ட் படிக்கு 20,000 புள்ளிகள், கணக்கில் சேரும் ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி. எல்லாக் கடைகளிலும் ஒரே தராசு தொங்கும் சந்தையில், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போ என்பது அறிவுரையாகாது.

மூன்று: இது வசதி படைத்தோரின் புலம்பல், பேருந்தில் நின்றுகொண்டு செல்பவருக்கு இதனாலென்ன? இவ்வாதத்துக்கு நாம் செவிசாய்க்கிறோம். உயர்படி இல்லாமற்போனதால் எவர் வீட்டிலும் உலை ஏறாமல் போகவில்லை. ஆயினும் இரண்டு செய்திகள் உள்ளன. அட்டைக்கு வழங்கப்படும் சலுகையின் செலவில் ஒரு பங்கு, வணிகரிடம் வாங்கப்படும் கட்டணத்திலிருந்து வருகிறது. அக்கட்டணம் பொருளின் விலையில் ஏறுகிறது. அட்டையே இல்லாதவரும் அவ்விலையைத்தான் கொடுக்கிறார். ஆக, அவர் இதில் பங்காளி, சலுகையில் அன்று, செலவில். மற்றொன்று, வாக்களித்தவரே அளவுகோலையும் வைத்திருந்து, மற்றவர் தம் பங்கை நிறைவேற்றிய பின் அதை மாற்றலாம் என்னும் வழக்கம் ஓரிடத்தில் நிலைபெற்றால் அவ்விடத்தோடு நிற்பதில்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளக்கூடிய பயணியிடமே செல்லுபடியாகும் தந்திரம், வழக்கறிஞர் இல்லாதவரிடம் எளிதில் செல்லும்.

பெருந்தொற்றுக் காலத்தையும் நினைவுகூர வேண்டும். 2020இல் விமானங்கள் தரையில் நின்றபோது நிறுவனங்கள் உறுப்பினர்களின் படிகளை நீட்டித்தன, அது நற்செயலே. அதே ஆண்டில் டெல்டா தன் ஸ்கைமைல்ஸ் திட்டத்தை ஈடாக வைத்து 900 கோடி டாலர் கடன் திரட்டியது. யுனைடெட்டும் அமெரிக்கனும் இவ்வாறே தத்தம் திட்டங்களை ஈடு வைத்தன. விமானம் பறக்காத நாளிலும் கடன் கொடுப்போர் நம்பிய சொத்து எது? மக்கள் திரும்பி வருவார்கள் என்னும் நம்பிக்கை. அதாவது, வாடிக்கையாளரின் விசுவாசமே அடகுப்பொருள். மூன்றாண்டு கழிந்தது, படிகள் உயர்ந்தன. ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி என்னும் பழமொழியின் மறுபாதியை நாம் சொல்ல வேண்டியதில்லை.

புறநானூற்றுப் புலவர் பெருஞ்சித்திரனார், தம்மை நேரில் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தார். அவர் வறுமையை அறியாதவர் அல்லர். தம் தகுதியை அறிந்து தருவதாயின் மிகச் சிறியதும் இனிது என்பதே அவர் நிலை. கொடுக்கும் பொருளின் அளவைவிட, கொடுப்பவர் பெறுபவரை எவ்வாறு அளக்கிறார் என்பதே அங்கே வழக்கு. புலவர் மறுத்துவிட்டுப் போக முடிந்தது. பயணிக்கு அதுவும் இல்லை. அவர் தர வேண்டியதை முன்கூட்டியே தந்துவிட்டார்.

எனவே நாம் கேட்பது சலுகை அன்று. நிறுவனம் நாளைய பயணத்துக்கு எந்த விலையும் வைக்கட்டும், அது வணிகம். ஆனால் முடிந்த பயணத்தின் மதிப்பை அது வாக்களித்தபடியே தீர்க்கட்டும். அளவுகோலை மாற்றுவதாயின் ஒரு முழுத் தகுதியாண்டு முன்னறிவிப்புத் தரட்டும். நல்லெண்ணக் கடமையிலிருந்து இத்திட்டங்களுக்குக் கிடைத்துள்ள விலக்கை அமெரிக்க நாடாளுமன்றம் நீக்கட்டும். 2024 செப்டம்பரில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை நான்கு பெரிய நிறுவனங்களிடம் இத்திட்டங்களைப் பற்றிய விவரங்களைக் கேட்டது. சேர்த்தவற்றின் மதிப்பைப் பின்னர்க் குறைப்பதும் அக்கேள்விகளுள் ஒன்று. கேள்வி கேட்பதற்கே 1981இலிருந்து நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

இவற்றுள் ஒன்றும் இயலாதெனில், நம் கோரிக்கை இன்னும் சிறியது. அத்திட்டங்களின் பெயரை மாற்றுங்கள். தள்ளுபடித் திட்டம் என்று சொல்லுங்கள். செலவுப் போட்டி என்று சொல்லுங்கள். நாங்கள் குறுக்கே வரமாட்டோம். விசுவாசம் என்னும் சொல்லை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.