சுமை இறக்கும் இடம்



பங்குனி பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் இரண்டு பேச்சு அடிபடும். ஒன்று ஏகாம்பரநாதர் கோயில் உத்திரம். இன்னொன்று, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் எங்கே போவது என்பது. முன்பெல்லாம் அது ஊட்டி, கொடைக்கானல், இராமேஸ்வரத்தோடு முடிந்துவிடும். இப்போது தறி ஓடுகிற வீடுகளிலிருந்தும் பினாங்கு, இலங்கை, அந்தமான் என்று குரல் வருகிறது. 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவுக்குப் போகும் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்றாயிற்று. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் வந்துவிட்டது. ஊர்கள் மாறினாலும் வாசகர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி அப்படியே இருக்கிறது: "அங்கே சாப்பாட்டுக்கு என்ன சார் பண்றது?"

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நாள் கணக்காகத் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து சேர்த்த பணத்தில் போகிற பயணம் அது. வாய்க்குப் பிடிக்காத ஒரு சாப்பாடு அந்த நாளையே கெடுத்துவிடும். அதற்குப் பயந்து புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் இட்லி மிளகாய்ப் பொடியும் கட்டிக்கொண்டு போய், விடுதி அறையில் அதையே பிசைந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தீவைப் பார்த்தார்கள். அதை ருசி பார்க்கவில்லை. அதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

போன ஆடி மாதம் நானும் என் மனைவியும் பினாங்குக்குப் போனோம். அங்கே ஜார்ஜ் டவுன் நகரத்தில் பெட்டிகளை வைத்துவிட்டுப் பசியோடு தெருவில் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. காலைக் கடைகளில் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் ஏற்றியிருந்தார்கள். இரவுக் கடைகளின் தள்ளுவண்டிகள் இன்னும் வரவில்லை. கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு பெரிய உணவகத்துக்குள் நுழைந்தோம். வழவழப்பான அட்டையில் எல்லாப் பண்டத்துக்கும் படம் போட்டிருந்தார்கள். வந்தது ஆறிப்போன சோறும், பாகு மாதிரி இனித்த ஒரு குழம்பும். எங்கள் தெருவில் ஒருவர் இரண்டு நாள் நெய்து வாங்குகிற கூலி அந்த ஒரு வேளைக்குப் போயிற்று. பில்லைப் பார்த்துவிட்டு மனைவி ஒன்றுமே சொல்லவில்லை.

அன்று அந்தி நேரத்தில் சூலியா தெருப் பக்கம் ஒரு கடையில் டீ குடித்தோம். அங்கே அதை 'தே தாரிக்' என்கிறார்கள்; இழுத்த தேநீர் என்று பொருள். நம் டீக்கடைகளில் ஆற்றுகிற அதே கைவீச்சுதான். ஆற்றிக்கொண்டிருந்தவர் இராமநாதபுரம் பக்கத்துக்காரர்.

"அண்ணன் எந்த ஊரு?"

"காஞ்சிபுரம் பக்கம், மாகறல்."

"பட்டு நெய்யிற பக்கமா? உக்காருங்க அண்ணே."

நான் அவரிடம் கேட்டேன்: "இங்க நல்ல கடை எது தம்பி?"

அவர் டீயை ஆற்றுவதை நிறுத்தாமல் சொன்னார்: "நல்ல கடைக்குப் பஞ்சமே இல்லண்ணே. நீங்க எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க, அதைச் சொல்லுங்க."

இந்தப் பக்கம் முழுவதும் அந்த ஒரு பதிலைச் சுற்றித்தான். நான் இடத்தைக் கேட்டேன், அவர் நேரத்தைக் கேட்டார். விடிவதற்கு முன் எழுந்து சந்தையில் மூட்டை இறக்குகிறவர்களுக்கு ஒரு கடை. பத்து மணிக்கு மேல் அலுவலகத்து ஆட்களுக்கு ஒரு கடை. வேலை முடிந்து குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ராத்திரிக் கடை. ஒவ்வொரு கடையும் யாரோ ஒருவருடைய வேலை நேரத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு எங்களுக்குத் திறந்திருந்தது, யாருடைய வேலையோடும் சம்பந்தப்படாத, எங்களைப் போன்ற வழிப்போக்கர்களுக்காகவே நடக்கிற கடை.

பினாங்கின் பெயர்பெற்ற சாப்பாடே இதற்குச் சாட்சி. 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்றால் தோளில் வைத்துச் சுமக்கும் தண்டு, நாம் காவடி என்போமே, அது. தண்டின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புப் பானை. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இப்படித் தோளில் தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளர்களைத் தேடிப் போய் விற்றார்கள். அந்தச் சோறுதான் நாசி கண்டார். பெயரிலேயே சுமை இருக்கிற சாப்பாடு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. கேம்பல் தெருவில் இருக்கும் ஹமீதியா கடை 1907-லிருந்து நடக்கிறது. இன்று தோளில் தண்டு இல்லை, வரிசையாக அலுமினியத் தட்டங்கள் இருக்கின்றன. ஆனாலும் சோற்றின்மேல் ஏழெட்டுக் குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுகிற வேகத்தில், சுமையை இறக்கிப் போட்டுவிட்டு அவசரமாகச் சாப்பிட வந்த கூலிக்காரரின் பசி இன்னும் தெரிகிறது. குழம்பு நிறைய வேண்டுமென்றால் 'பஞ்சிர்' என்று சொல்ல வேண்டும். வெள்ளம் என்று அர்த்தம்.

அந்தக் காவடியைப் பற்றிக் கேட்டபோது எனக்கு மாகறல் நினைவு வந்தது. செய்யாற்றங்கரையில் இருக்கும் எங்கள் திருமாகறலீஸ்வரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம் என்பது உங்களுக்குத் தெரியும். அதன் தல வரலாற்றில் ஒரு பலா மரம் வருகிறது. தினமும் ஒரே ஒரு பழம் பழுக்கும். அந்தப் பழத்தைச் சோழ மன்னன் ஆணைப்படி ஊர்க்காரர்கள் முறை வைத்துத் தில்லை நடராஜருக்குச் சுமந்து போனார்கள். சுமந்தவர்களின் சிரமம் பொறுக்காமல் ஒரு சிறுவன் மரத்தையே எரித்துவிட்டான் என்று கதை போகும். சின்ன வயதில் இதைக் கேட்கும்போது எனக்குப் பழத்தைப் பற்றித்தான் ஆசை. இப்போது, அந்தச் சுமைகாரர்கள் வழியில் எங்கே உட்கார்ந்தார்கள், யார் அவர்களுக்குச் சோறு போட்டார்கள் என்று யோசிக்கிறேன். நம் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் நட்டிருப்பார்கள். அதன் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலோ மோர் விற்கும் பாட்டியோ தானாக வந்து சேர்ந்துவிடுவார்கள். நல்ல சாப்பாட்டுக் கடையின் பிறப்பு அதுதான். எந்தத் தீவுக்குப் போனாலும் அங்கே சுமை எங்கே இறங்குகிறது என்று பாருங்கள்.

இதில் நம்மைப் போன்ற நெசவுப் பக்கத்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தியும் இருக்கிறது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தமிழ் முஸ்லிம்களில் கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் நெசவுக் குடும்பத்தார். கைத்தறி சோறு போடாமல் போன காலத்தில் கப்பல் ஏறியவர்கள். தறியை விட்ட கைகளில் பல அங்கே கடை வைத்தன, மசாலா அரைத்தன. அந்தக் குழம்பை நான் வெறும் குழம்பாகச் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டோம். காலை ஏழு மணிக்கு டிரான்ஸ்ஃபர் சாலையோரத்தில் ரொட்டி சானாய். நம் பரோட்டாவின் உடன்பிறப்பு, கூடவே பருப்புக் குழம்பு. அங்கிருந்து, 1890-லிருந்து நடக்கும் சௌரஸ்தா சந்தை. பினாங்கு ஜாதிக்காய்த் தீவும்கூட. நாம் கொட்டையையும் பத்திரியையும் மட்டும் அறிவோம். அவர்கள் அந்தப் பழத்தின் சதையை ஊறப்போட்டு விற்கிறார்கள், பிழிந்து பானமும் செய்கிறார்கள். வெயிலுக்கு அதைப்போல ஒன்று இல்லை. கெங் குவீ சந்தில் நின்றபடியே செண்டோல் குடித்தோம்: பனிச்சீவல், தேங்காய்ப்பால், கருப்பட்டிபோல ஒரு பாகு, பச்சை நிறத்தில் சேமியா மாதிரி இழைகள். தீவின் பின்பக்கம் பாலேக் பூலாவ் என்ற ஊரில் அப்போது டுரியான் காலம். முள்ளுப் பழத்தை வெட்டிச் சுளையை எடுத்து நீட்டியதும் மனைவி, "இது நம்ம ஊர்ப் பலாவுக்குத் தங்கச்சி" என்றாள். வாசனை எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. எங்களுக்கு ஒத்துக்கொண்டது.

சீனர்களின் காப்பிக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு, தெரியாமல் போனால் திண்டாட வேண்டியிருக்கும். 'கோப்பித்தியாம்' என்பார்கள். ஒரே கூரையின் கீழ் பல சின்னக் கடைகள். மேசையில் உட்கார்ந்து, மேசையின் எண்ணைப் பார்த்துக்கொண்டு, வேண்டிய கடையில் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். குடிக்க வேண்டியதை மட்டும் கூரைக்குச் சொந்தக்காரர் கொண்டுவருவார். தட்டு வந்ததும் அந்தந்தக் கடைக்குத் தனித்தனியாகக் காசு. எதுவும் குடிக்காமல் மேசையைப் பிடித்திருப்பது மரியாதை இல்லை.

சைவ வாசகர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கேட்பவர்களில் பாதிப் பேர் நீங்கள்தான். நாசி கண்டார் கடையில் வெண்டைக்காயும் முட்டைக்கோஸும் இருக்கும். ஆனால் மேலே ஊற்றும் கலவைக் குழம்பில் கறியும் மீனும் கலந்துவிடும், அகப்பையும் ஒன்றே. 'பெலாச்சான்' என்ற இறால் விழுது கண்ணுக்குத் தெரியாமல் சட்டினியிலும் கீரையிலும் கலந்திருக்கும். "தாக் மாவ் பெலாச்சான்" என்றால் பெலாச்சான் வேண்டாம் என்று அர்த்தம். இந்த மூன்று சொல்லையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குயீன் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். அதோடு நின்றுவிடாதீர்கள். பௌத்தச் சீனர்கள் பலர் அவர்களுடைய மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய நம் அமாவாசையும் பௌர்ணமியும் வருகிறது! அந்த நாட்களில் சீனச் சைவக் கடைகளில் கூட்டம் நெரியும். அங்கே போய்ப் பாருங்கள். நம்மைப்போலவே விரதம் இருக்கும் ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது பயணத்தில் கிடைக்கிற பெரிய பேறு.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் முஸ்லிம் கடைகள் தொழுகைக்காகச் சற்று மூடியிருக்கலாம். நோன்பு மாதத்தில் போனால் பகலில் பல கடைகள் திறக்காது. மாலையில் நோன்பு துறப்பதற்கான சந்தைகள் தெருவையே நிறைத்துவிடும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு நம் பாம்பன் தீவு இருக்கிறது. அங்கேயும் அதே விதிதான். இராமேஸ்வரத்தில் அதிகாலை வேலை தீர்த்தமாடுவது. 22 தீர்த்தங்களிலும் நனைந்து நடுங்கி வருகிறவர்களுக்காக விடியுமுன்பே இட்லிக் கடைகளில் அடுப்பு எரியும். ஆவி பறக்கிற அந்த இட்லியை ஒன்பது மணிக்குப் போய்த் தேடக் கூடாது. மீன் சாப்பிடுகிறவர்கள் விசைப்படகு எந்தெந்த நாள் கடலுக்குப் போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். படகு கரை திரும்பிய நாளில் மீனின் ருசியே வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நம் கோடை விடுமுறை அதற்குள்தான் வருகிறது. அப்போது நாட்டுப்படகு மீன்தான் புதியது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

யாழ்ப்பாணம் போகிறவர்கள் 'அம்மாச்சி' என்ற பெயர்ப் பலகையைத் தேடுங்கள். விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு பெண்கள் நடத்தும் உணவகங்கள் இவை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் கிளிநொச்சியிலும் இருக்கின்றன. குரக்கன் புட்டு, உளுந்து வடை, தோசை எல்லாம் கண் முன்னால் செய்து தருவார்கள். குரக்கன் என்பது நம் கேழ்வரகு. போரின் கொடுமையைப் பார்த்த மண்ணில் அந்தப் பெண்கள் தங்கள் கையால் அடுப்பு மூட்டிப் பிழைப்பதைப் பார்க்கவே போகலாம். கொடுக்கிற காசு நேராக அவர்கள் வீட்டுக்குப் போகிறது.

நம் காஞ்சிக்கு வருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். பட்டு வாங்க வருகிறவர்களில் பலர் நெடுஞ்சாலை உணவகத்தில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து அவிக்கும் வரதராஜர் கோயில் இட்லியை அவர்கள் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. காலை பதினோரு மணிக்குத் தறி நிற்கும்போது தெருவுக்குள் வருகிற டீயையும் சூடான வடையையும் அவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களை அந்த நேரத்தில் தெருமுனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசி நாள் காலை நாங்கள் கிளம்பும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் கூடை கட்டிய ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். அவர் விற்றதை அங்கே 'புட்டு மாயம்' என்கிறார்கள். மூடியைத் திறந்தால் நம் இடியாப்பம், மேலே தேங்காய்த் துருவல், சர்க்கரை. விமானத்துக்கு நேரம் இருந்தது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, சும்மா ஒரு முறை அக்கரை பார்த்துவிட்டு வரலாமென்று பட்டர்வொர்த் படகில் ஏறினோம். வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே ஆளுக்கொரு பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் பிரித்தோம். பாதிக் கடல் தாண்டுவதற்குள் இடியாப்பம் தீர்ந்துவிட்டது. மனைவி காகிதத்தில் ஒட்டியிருந்த சர்க்கரையை விரலால் வழித்துக்கொண்டே, "திரும்பிப் போறப்ப அவர் அங்கயே நிப்பாரா?" என்று கேட்டாள்.

அன்புடன்,
ஆசிரியர்